ஸ்னோ பாயின்ட்டில் பகல் ஒரு மணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் ஊர்களிலிருந்து மணாலிக்கும் காஷ்மீருக்கும் சிக்கிமுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கேதார்நாத் நடை திறந்ததும் யாத்திரைக் குழுக்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நாட்களில் பனிச்சரிவில் யாராவது சிக்கினால், யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றே செய்தி வருகிறது. நடுக்குளிர்காலத்துச் சரிவுக்கு அது ஓரளவு பொருந்தலாம். வெயில் காலத் தொடக்கத்தில் வரும் ஈரப்பனிச் சரிவுக்குப் பொருந்தாது. எந்தத் திசைச் சரிவில், எந்த மணிவாக்கில், எப்படிப்பட்ட நாளில் அது வரக்கூடும் என்பதை முதல் நாள் மாலையே பெரும்பாலும் கணித்துவிடலாம். நம் சுற்றுலாத் திட்டங்களோ சரியாக அந்த நேரத்தில், 'ஸ்னோ பாயின்ட்' (பனியில் விளையாடும் இடம்) என்ற பெயரில் அந்த இடத்தில்தான் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குகின்றன.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு வந்து சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். 13-வது மைல் வரைதான் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது, இவர்கள் 15-வது மைல் பக்கம் போய்விட்டார்கள் என்பது பிறகு பெரிதாகப் பேசப்பட்டது. பேச வேண்டியதுதான். ஆனால் ஏப்ரல் மாதம், நண்பகல் வேளை, சாலைக்கு மேலே பனி நிறைந்த செங்குத்துச் சரிவு, அடியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பனியில் விளையாடும் கூட்டம் என்ற சேர்க்கையை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அனுமதி பெற்ற இடங்களிலேயே அந்தச் சேர்க்கை சீசன் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் பனியடுக்கின் வெப்பநிலை உறைநிலைக்குப் பல டிகிரி கீழே இருக்கும். அப்போது வரும் சரிவுகளுக்குக் காரணம் சுமை. புதிதாக விழுந்த பனியோ, காற்று வாரிக்கொண்டுவந்து கொட்டிய பனியோ, அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கை முறித்துவிடும். பல நேரங்களில் அதன்மேல் நடந்துபோகிற ஆளே முறித்துவிடுவார். மார்ச் பாதிக்கு மேல் நிலைமை மாறுகிறது. வெயில் ஏற ஏற, பனியடுக்கு மேலிருந்து தரை வரை 0 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். அதுவரை கிடைத்த வெப்பம் பனியைச் சூடாக்கச் செலவானது. இனிக் கிடைப்பது முழுவதும் உருக்கத்தான். 1 கிலோ பனி உருக 334 கிலோஜூல் வேண்டும். புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். பழைய ஈரப்பனிக்கு அந்தத் தெம்பு கிடையாது. மேற்கு இமயமலையில் ஏப்ரல், மே மாதங்களில் பாலைவனத் தூசியும் வந்து படிகிறது. பனி பழுப்பேறித் தெரிந்தால் அது வேகமாக உருகும் பனி என்று வைத்துக்கொள்ளலாம்.

உருகிய நீர் உடனே ஓடிவிடுவதில்லை. பனி மணிகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நிற்கும். கன அளவில் 3 சதவீதம் வரை நீர் இருந்தால் பனி உறுதியாகத்தான் இருக்கும். கையில் அழகாக உருண்டை பிடிபடுவது அந்த நிலையில்தான். 8 சதவீதத்தை நெருங்கும்போது நீர் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். மணியோடு மணியைக் கட்டிவைத்திருந்த பிணைப்புகள் கரைந்து, அடைமழை நாளில் ஜாடிக்குள் நீர்விட்ட கல் உப்பு மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வழுக்க ஆரம்பிக்கும். இறங்கும் நீர் வழியில் ஒரு பழைய உறைபொருக்கை (உருகி மறுபடி உறைந்த கெட்டித் தகட்டை) கண்டால் அதன்மேல் பரவி நிற்கும். அங்கே மேலடுக்கு பிடிமானம் இழக்கிறது. பொருக்கு இல்லாவிட்டால் தரை வரை போய், வழுவழுப்பான பாறை மீதோ சாய்ந்து கிடக்கும் புல்லின் மீதோ வழுக்கலை உண்டாக்கும்.

இதில் முக்கியமான ஒன்று: ஓர் அடுக்கு முதன்முதலாக நனையும் நாட்கள்தான் மிக மோசம். இரவில் உறைந்து பகலில் உருகுவது பல நாள் தொடர்ந்தால் நீர் வடிய உள்ளே வழிகள் அமைந்துவிடும். அடுக்கும் ஓரளவு அடங்கிவிடும். ஆகவே 'மே மாதம் வந்துவிட்டது, இனி பயமில்லை' என்பதும் தவறு, 'பனி இருக்கும்வரை ஒரே ஆபத்து' என்பதும் தவறு. வடக்கு பார்த்த சரிவில் அந்த முதல் நனைப்பு மே மாதத்தில்கூட நடக்கலாம்.

குளிர்காலச் சரிவுக்கும் இதற்கும் இருக்கிற பெரிய வேறுபாடு, இதற்குத் தூண்டுபவர் யாரும் தேவையில்லை என்பதுதான். வெயிலோ மழையோ போதும், தானாகவே சரியும். 'மெல்ல நடங்கள், சத்தம் போடாதீர்கள்' என்று வழிகாட்டிகள் சொல்வதில் ஒரு பயனும் இல்லை. கத்துவதாலும் ஹாரன் அடிப்பதாலும் பனிச்சரிவு வருவதில்லை. அந்த ஒலிக்கு அவ்வளவு விசை கிடையாது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியோடு தவறான இடத்தில் நிற்கிறவரைவிட, சத்தமாகப் பாடிக்கொண்டு சரியான இடத்தில் நிற்கிறவர் பத்திரமாக இருப்பார்.

ஈரப்பனி வரும் விதங்களில் நம் பயணிகள் அதிகம் பார்ப்பது, ஒரு பாறையின் அடியிலோ புதர் ஓரத்திலோ ஒரே புள்ளியில் தொடங்கிக் கீழே விசிறியாக விரியும் வகை. பலரும் அதைச் சாதாரணமாக நினைத்து வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓடைப் பள்ளத்துக்குள் வந்து சேரும்போது அதே விசிறி குறுகி ஆழமாகிவிடும். இரண்டாவது வகையில் அகலமான பாளமே பெயர்ந்து வரும். மழைக்குப் பின்னும், பருவத்தின் முதல் கடும் வெப்பத்திலும் இது வருகிறது. மூன்றாவது, பனி முழு ஆழத்துக்கும் தரையோடு நழுவும் வகை. சரிவின் குறுக்கே வாய் பிளந்த மாதிரி வெடிப்பு தெரியும். வெடிப்பு இன்றைக்கு விழுந்தால் சரிவு நாளைக்கும் வரலாம், மூன்று வாரம் கழித்தும் வரலாம், வராமலேயும் போகலாம். நேரக் கணக்குக்கு அடங்காதது இது ஒன்றுதான். ஆகையால் வெடிப்புக்குக் கீழே எந்த நேரத்திலும் நிற்கக் கூடாது.

வேகத்தில் இது குளிர்காலத் தூள்பனிச் சரிவைவிடக் குறைவு. தூள்பனி மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டக்கூடும். ஈரப்பனி பெரும்பாலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. எடைதான் கொல்கிறது. புதிதாக விழுந்த உலர்பனி ஒரு கனமீட்டருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். சரிந்து வந்து நின்ற ஈரப்பனி 500 கிலோவோ அதற்கு மேலோ இருக்கும். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்துக்குச் சாலையில் வந்து விழுந்தால் 100 டன். இதை மலைக்காரர்கள் சின்னச் சரிவு என்பார்கள். ஓர் இன்னோவாவைப் பள்ளத்தாக்குக்குள் தள்ள இதில் கொஞ்சமே போதும்.

இனி நேரத்துக்கு வருவோம். கிழக்கு பார்த்த சரிவில் காலை வெயில் முதலில் படும். அங்கே காலை 9 மணிக்கு மேலேயே பனி இளகத் தொடங்கலாம். தெற்குச் சரிவு நண்பகலை ஒட்டி. மேற்குச் சரிவு பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை. வடக்குச் சரிவுக்கு நாளின் வெயிலைவிடப் பருவத்தின் வெப்பம் முக்கியம். எந்தச் சரிவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: நேற்றிரவு பனி உறைந்ததா?

வானம் தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வெளியேற்றிவிடும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட மேற்பரப்பு உறைந்து பொருக்குக் கட்டும். மேகமூட்டமான இரவில் அந்த வெப்பம் வெளியேறாது. பொருக்கு மெல்லியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அன்றைக்கு ஆபத்து விடியும்போதே தொடங்கிவிட்டது என்று பொருள். நம் ஆட்கள் மேகமூட்டமான காலையைப் பார்த்து 'வெயில் இல்லை, நல்லதாகப் போயிற்று' என்பார்கள். நிலைமை நேர் எதிர்.

போனில் தெரியும் வெப்பநிலை பெரும்பாலும் தங்கியிருக்கும் ஊரின் வெப்பநிலை. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று கணக்கிடலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர், அடல் சாலைச் சுரங்கத்துக்கு அப்பால் இருக்கும் கோக்சர் சுமார் 3,140 மீட்டர். மணாலியில் விடிகாலை 8 டிகிரி என்றால் கோக்சரில் ஏறத்தாழ 1 டிகிரி. தெளிந்த வானமாக இருந்தால் பனி உறைந்திருக்கும். மணாலியில் 13 டிகிரி, வானத்தில் மேகம் என்றால் அன்றைக்குச் சரிவுக்கு அடியில் எந்த வேலையும் வேண்டாம். பனியின் மேல் மழை பெய்தால் கணக்கே தேவையில்லை, திரும்பிவிட வேண்டும். மழைநீரே பனியின் பிணைப்பைக் கரைத்துவிடும். ஈரக்காற்று பனியில் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பம் அதற்கு மேல்.

ஏப்ரலில் மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வானிலை அமைப்பு) ஒன்று வந்து 30 சென்டிமீட்டர் புதுப்பனி கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் வானம் நீலமாக விரியும், சாலையைத் திறப்பார்கள், ஓட்டலில் அடைந்து கிடந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். புகைப்படத்துக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. சரிவுக்கும் கிடையாது. புதுப்பனியின் மேல் முதல் வெயில் படும் 24 முதல் 48 மணி நேரம், சீசனிலேயே மோசமான நேரங்களில் ஒன்று. சாலையைத் திறந்துவிட்டார்கள் என்றால் சாலையில் பனி அள்ளியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். மேலே தொங்கும் பனியை யாரும் அள்ளவில்லை.

இதை நம் திட்டங்களோடு பொருத்திப் பாருங்கள். மணாலி ஓட்டலில் எட்டரைக்குக் காலை உணவு, ஒன்பதரைக்கு வண்டி. வழியில் கம்பளிக் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு எடுக்க ஓட்டுநர் தனக்குப் பழக்கமான கடையில் நிறுத்துவார். ஒவ்வொருவருக்கும் அளவு பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம். பல்சான் பக்கம் வாகன நெரிசல். கோக்சரில் இறங்கும்போது மணி பன்னிரண்டரை, ஒன்று. மேகி சாப்பிட்டு, ஸ்லெட்ஜில் சறுக்கி, மூன்று மணிக்குத் திரும்புவார்கள். மலைச்சரிவில் நீர் நிறைந்திருக்கும் நேரம் முழுவதையும் அதன் அடியிலேயே கழிக்கிறார்கள். கம்பளிக் கோட்டை முதல் நாள் மாலையே எடுத்து வைத்துக்கொண்டு, பொட்டலச் சாப்பாட்டோடு காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டுக்குள் பனி பார்த்து, பத்தரைக்குள் சுரங்கத்தைத் தாண்டித் திரும்பிவிடலாம். நெரிசலும் இருக்காது. ஒரே தொல்லை, காலைப் பொருக்கு கண்ணாடியாக வழுக்கும். வாடகைக் கம்பூட்டுக்கு அதில் பிடிப்பே கிடையாது. காலணியில் மாட்டும் முள்சங்கிலி நல்லது.

கேதார்நாத் பாதைக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். 2013 வெள்ளத்துக்குப் பிறகு அமைந்த பாதை ராம்பாடாவில் மந்தாகினியைக் கடந்து எதிர்க்கரையில் லிஞ்சோலி வழியாக ஏறுகிறது. அதற்கு மேலே பனி நிறைந்த ஓடைகள் பாதையைக் குறுக்கே வெட்டுகின்றன. 2023 மே முதல் வாரத்தில் பைரவ், குபேர் பனியோடைகளில் பனி சரிந்து பாதையே அடைபட்டது. கௌரிகுண்டிலிருந்து காலை ஐந்துக்கு நடக்கத் தொடங்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த ஓடைகளுக்கு வந்து சேர்வது நண்பகலிலோ அதற்குப் பிறகோதான். அதிகாலையில் கிளம்பியும் பலன் இல்லை. லிஞ்சோலியில் இரவு தங்கி, மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஓடைகளைக் கடப்பதே சரியான ஏற்பாடு. உத்தராகண்டிலுள்ள சீக்கியத் திருத்தலமான ஹேம்குண்ட் சாகிப் பாதையில் அட்லகோடி பனிப்பகுதியும் இப்படித்தான். 2023 ஜூன் தொடக்கத்தில் அங்கே ஒரு பெண் உயிரிழந்தார். காங்கரியாவிலிருந்து விடியலில் ஏறி, நண்பகலுக்குள் அட்லகோடியைத் தாண்டிக் கீழே வந்துவிட வேண்டும். ஓடையைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, நடுவில் நிற்காமல் போக வேண்டும். செல்ஃபி எடுக்க நிற்கும் இடம் எப்போதும் அந்த வெட்டிய பனிச்சுவருக்கு நடுவில்தான் என்பது இந்தப் பாதைகளின் சாபக்கேடு.

இடத்தைப் பார்க்கவும் கருவி ஒன்றும் பெரிதாக வேண்டாம். பனிச்சரிவு தொடங்குவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில். ஈரப்பனி 25 டிகிரியிலும் கிளம்பும். நிற்கும் இடத்திலிருந்து பனி நிறைந்த சரிவின் உச்சியை நோக்கிப் போனின் ஓரத்தைப் பிடித்தால், சாய்வு காட்டும் செயலி கோணத்தைச் சொல்லும். அது 20 டிகிரிக்கு மேல் போனால் சரிவு வந்து எட்டக்கூடிய இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை சாலையில் வந்து சேரும் வாய், ஒரே பக்கம் சாய்ந்து வளைந்த மரங்கள், மண்ணும் கிளையும் கலந்த அழுக்குப் பனிக்குவியல் ஆகியவை ஏற்கெனவே சரிவு வந்த தடத்தைக் காட்டும். 'ஒருமுறை விழுந்துவிட்டது, இனி வராது' என்று டீக்கடைக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஒரே ஓடையில் ஒரே நாளில் மறுபடியும் வரும்.

பனியைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். கையுறையோடு பிழிந்தும் உருண்டை பிடிபடாவிட்டால் உலர்பனி. உருண்டையாகி ஒட்டினால் ஈரம் தொடங்கிவிட்டது. பிழிந்ததும் விரலிடுக்கில் நீர் வழிந்தால் அந்தச் சரிவின் நேரம் முடிந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதான். காலும் சொல்லும்: காலையில் பொருக்கு ஆளைத் தாங்கும்; கணுக்கால் புதைந்தால் திரும்பும் நேரம்; முழங்கால் வரை புதைந்தால் தாமதித்துவிட்டோம். சரிவில் தானாகவே சிறு பனியுருண்டைகள் உருண்டு, பின்னால் கோடு போட்டுக்கொண்டு வருவதும், பாறைகள் தங்கள்மேல் இருந்த பனியை உதிர்ப்பதும் அதற்கு முந்தைய எச்சரிக்கைகள்.

சிக்கிக்கொண்டால்? வருவதைப் பார்த்தால் கீழ்நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் ஓட வேண்டும். உருண்டால் மேலே மிதக்கக் கைகால் அடித்துப் போராட வேண்டும். வேகம் குறையும்போது கையை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் செய்ய வேண்டும். நின்றபின் விரலைக்கூட அசைக்க முடியாது. அரை மீட்டர் ஈரப்பனி மேலே இருந்தால் உடம்பின் மேல் 100 கிலோவுக்கு மேல் பாரம். புதைந்தவருக்கு முதல் 10, 15 நிமிடங்கள்தான் நல்ல வாய்ப்பு. அரை மணிக்கு மேல் வெகுவாகக் குறைந்துவிடும். 112-க்கு ஒருவர் அழைக்கட்டும். மீட்புப் படை வரும்வரை காத்திராமல் மற்றவர்கள் தேடத் தொடங்க வேண்டும். கடைசியாக ஆள் தெரிந்த இடத்துக்குக் கீழே, பனி வளைந்து தேங்கிய இடங்களில் முதலில் பாருங்கள். ஒருவர் மேலே பார்த்துக் காவல் நிற்பது கட்டாயம், ஏனென்றால் வெயில் இன்னும் காய்கிறது.

கையால் தோண்டுவது நடக்காத காரியம். நின்ற மறு நிமிடமே ஈரப்பனி இறுகிவிடும். உலோக மண்வாரி இல்லாமல் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சுற்றுலா வண்டியிலும் இரண்டு இருந்தால் போதும், ஓரிரண்டாயிரம் ரூபாய்ச் செலவு. ஆள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஏறி நின்று தோண்டக் கூடாது, கீழ்ப்பக்கத்திலிருந்து குடைந்து போக வேண்டும். முதலில் முகம், பிறகு மார்பு. மூச்சில்லாவிட்டால் 5 முறை வாய்வழி மூச்சுக் கொடுத்துவிட்டு மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள். நின்றுபோனது மூச்சு முட்டியதால்தான். வண்டியோடு மூடப்பட்டு வண்டி நசுங்காமல் இருந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிட்டு உள்ளேயே இருப்பது நல்லது. இயங்கினால் நச்சுப்புகை உள்ளே நிறையும். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் பத்ரிநாத்தை ஒட்டிய மானாவில் எல்லைச் சாலைப் பணியாளர்கள் 54 பேர் சிக்கி 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். அது வேறு வகைச் சரிவுதான். ஆனால் பலரைக் காப்பாற்றியது அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கண்டெய்னர்களுக்குள் இருந்த காற்று.

தங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிறுவனம், பனிச்சரிவு எச்சரிக்கையை மாவட்ட வாரியாக, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் என்று குறிப்பிட்டு, வண்ணக் குறியீட்டோடு வெளியிடுகிறது. சென்னையின் வெப்பநிலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போதும்: லாஹௌல்-ஸ்பிதி, குல்லு, சமோலி, ருத்ரபிரயாக், காந்தர்பல், காங்டாக் (முன்பு கிழக்குச் சிக்கிம்) ஆகிய இடங்களின் அன்றைய வண்ணமும், இரவில் வானம் தெளிவா மேகமா என்பதும். மஞ்சள் என்று போட்டிருந்தால் 'காலையில் பரவாயில்லை, நண்பகலுக்கு மேல் வேண்டாம்' என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. அந்த அறிவிப்பு ஒரு நாள் முழுவதற்குமாகச் சேர்த்துச் சொல்வது, மணிக்கணக்கு அதில் தெரியாது. தங்கள் நாளிதழில் விளம்பரம் செய்யும் சுற்றுலா நிறுவனங்களும் பயணத் திட்டத்தில் 'ஸ்னோ பாயின்ட்' என்பதற்கு எதிரே போய்ச் சேரும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் அச்சிடலாம். வாசகர்கள் அதைப் பார்த்தே நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் 1 முதல் ஜூன் 15 வரை அந்தப் பெட்டி வந்தால் போதும். அதன் பிறகு அங்கே பருவமழையும் மண்சரிவும் தொடங்கிவிடும். அதற்கு வேறு கணக்கு.

இப்படிக்கு,
இமயமலைப் பாதைகளில் வழிகாட்டும் மலையேற்றப் பயிற்றுநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.